ஐந்து புள்ளி நான்கு விநாடி

லண்டன் நோர்பரியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர்களுக்குக் குலசேகரத்தைத் தெரியும். பொலிடெக்னிக்கின் இரசாயன ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிறவர். சனிக்கிழமை காலையில் மனைவி சிவனேஸ்வரியோடு வந்து, முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து வாங்குவார். அதிகம் பேச மாட்டார். 'லாப் குலம்' என்றால்தான் ஆளை அடையாளம் தெரியும்.

அதே மனிதரை ஆறு வருடம் ஞாயிறுதோறும் நாற்பது வாலிபர்கள் "கோச்! கோச்!" என்று சூழ்ந்து நின்றார்கள் என்றால் அந்தக் கடைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். அவர் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டவை இன்னும் சில உண்டு. அவற்றில் ஒன்று அவர் நெஞ்சை ஏழு வருடம் அரித்தது.

கணக்கியல் படிக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுபத்தேழில் வந்தவர். கடைசிப் பரீட்சையில் இரண்டு பாடங்களில் மூன்று முறை தோற்றார். எண்பத்து மூன்றில் அங்கே வீடுகள் எரிந்தபோது, "இஞ்சாலைப் பக்கம் தலை வைச்சும் படுக்காதை" என்று தகப்பனிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் தென் லண்டனில் ஒரு பொலிடெக்னிக்கில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. படிக்க வந்த நாட்டில் படித்தவர்களின் எச்சில் குழாய்களைக் கழுவும் வேலை! குலசேகரம் அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அந்த வேலையில் அவரைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை.

அந்த நாட்களில் ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் அமெரிக்கன் ஃபுட்பால் காட்டுவார்கள். குலசேகரம் கண் வெட்டாமல் பார்ப்பார்.

"உதென்ன விளையாட்டு? தலையிலை சட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஆளை ஆள் இடிக்குதுகள்" என்பாள் சிவனேஸ்வரி.

"சும்மா இடிக்கிறதில்லை. வடிவாப் பாரும், ஒவ்வொரு இடிக்கும் ஒரு கணக்கு இருக்கு."

"உங்களுக்குக் கணக்கு வந்திருந்தா நாங்கள் இப்ப சொந்த வீட்டிலை இருந்திருப்பம்."

அவர் சிரிப்பார். ஆனால் அவர் சொன்னது உண்மை. பதினொரு பேரும் ஒரே நொடியில் வெவ்வேறு திசையில் ஓடுவார்கள். அந்த ஓட்டங்களை எல்லாம் முன்கூட்டியே ஒருவன் காகிதத்தில் வரைந்து வைத்திருப்பான். திடலின் கரையில் தொப்பி போட்டு நிற்கும் அந்த ஒருவனைத்தான் குலசேகரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் மாணவர்கள் சிலர் ஒரு குழு தொடங்கினார்கள். கல்லூரி ஊழியர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால்தான் காப்புறுதி கிடைக்கும். விரிவுரையாளர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஆய்வுகூடத்துக்கு வந்தார்கள். குலசேகரம் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

வைத்தவர் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் பயிற்சியைப் பார்த்துவிட்டு, ஆய்வுகூடக் கரும்பலகையில் பதினொரு வட்டமும் பதினொரு பெருக்கல் குறியும் போட்டு, "நீங்கள் இப்படி ஓடினால் உங்களைத்தான் நீங்கள் விழுத்துவீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பையன்கள் வாய் பிளந்து நின்றார்கள். அன்று மாலையே அவர்களில் ஒருவன் முதன்முதலாக அவரைக் "கோச்" என்று அழைத்தான். அன்று வீட்டுக்கு நடந்து வந்த மனிதர் இரண்டு பஸ் நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டார்!

பிறகு நூல்நிலையத்தில் அமெரிக்கக் கல்லூரிகளின் முகவரிகளை எடுத்து முப்பத்தொரு கடிதம் எழுதினார். இரண்டுக்குப் பதில் வந்தது. ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியின் கோச், தன் பயிற்சித் தாள்களைக் கோப்பிக் கறையோடு அப்படியே கட்டி அனுப்பியிருந்தார். அந்தத் தேசத்தில் கல்லூரிக் கோச் என்றால் ஊர் எழுந்து நிற்குமாம். நாற்பது வருடம் ஒரே திடலில் நின்று நரைத்து, அந்தத் திடலுக்கே தன் பெயரை விட்டுப் போகிறவர்களும் உண்டாம். அதை வாசித்த நாள் முதல் குலசேகரத்துக்கு ஒரே ஆசை. கோச் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, திங்கட்கிழமையும் கோச் ஆக இருக்க வேண்டும்.

சிவனேஸ்வரிக்கு முதலில் பிடிக்கவில்லை. சேறு அப்பிய முப்பது சட்டைகளைக் கட்டி லோண்டரிக்கு இழுப்பவள் அவள்தானே.

"உந்தப் பெடியளுக்குத் தாய்மார் இல்லையோ?"

"எல்லாருக்கும் இருக்கு. ஒருத்தருக்கும் இந்த மஞ்சள் கறையைப் போக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியும் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான். எங்கடை வீட்டிலை ஒரு எக்ஸ்பேர்ட் இருக்கிறா எண்டு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே தோய்ப்பாள். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று. நம் ஆட்களுக்கு இது தெரியக்கூடாது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் "என்ன, குலம் வெள்ளைப் பெடியளோடை சேத்துக்கை உருளுறாராம்" என்று பேச்சு வந்தால் தாங்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு 'ஓவர்டைம்'. ஆறு வருட ஓவர்டைம்.

அந்தக் குழுவுக்கு அவர் கொடுத்த பெரிய சொத்து ஒன்று உண்டு. ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து கோச் கட்டளை கத்த வேண்டும். எதிரணிக்கு அது விளங்கக்கூடாது. மற்றக் குழுக்கள் எண்களும் நிறங்களும் சொல்லும். இரண்டு ஆட்டத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். குலசேகரம் யாழ்ப்பாண வரைபடத்தை எடுத்தார். பந்து இருக்கும் இடம் யாழ்ப்பாணப் பட்டினம். எதிரணியின் எல்லைக்கோடு வடக்கு. பிறகென்ன? வலப்பக்கம் கிட்டவென்றால் நல்லூர். இடப்பக்கம் கிட்டவென்றால் மானிப்பாய். நேரே நீள எறிதல் காங்கேசன்துறை. வலப்பக்கம் நீள எறிதல் பருத்தித்துறை. இடப்பக்கம் நீள எறிதல் காரைநகர். அவசரத்தில் யோசிக்கவே தேவையில்லை. கண்ணை மூடினாலும் தெரிகிற வரைபடம்.

டேரன் என்ற சிவத்த தலைமயிர்ப் பையன்தான் குவாட்டர்பேக்; பந்தை முதலில் வாங்கி யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவன். "பரு... பருத்தி... கோச், இதைவிடச் சின்ன ஊர் உங்களிடம் இல்லையா?" என்று முதல் வாரம் அழாக்குறையாகக் கேட்டான். ஒரு மாதத்தில் சுத்தமாகச் சொன்னான். இந்த நாட்டுத் திடல்களில் இதை விளங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? குலசேகரம் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததில் பிழையும் இல்லை, எண்பத்தொன்பது செப்டம்பர் வரைக்கும்.

அந்தச் செப்டம்பரில் புதிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். நாற்பது யார் தூரம் ஒவ்வொருவராக ஓட வேண்டும். குலசேகரம் முடிவுக் கோட்டில் நின்று நிறுத்து கடிகாரத்தில் நேரம் பிடிப்பார். ஐந்து விநாடிக்குள் ஓடினால் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வரிசையின் கடைசியில், இரவல் சப்பாத்தோடு நின்றவனைக் கண்டதும் அவர் வாயில் வைத்திருந்த விசிலை எடுத்துவிட்டார்.

கேதீஸ்வரன். ஸ்ட்ரெதத்தில் இருக்கும் தில்லையம்பலத்தின் மகன்.

தில்லையம்பலம் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்பவர். லண்டனில் குலசேகரம் 'அண்ணை' என்று வாயாரக் கூப்பிட்ட ஒரே மனிதர். அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் எண்பத்தேழில் யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து போய்விட்டான். இளையவன் அதற்கு முன்பே தாய்மாமனோடு இங்கே வந்திருந்தான். செய்தி வந்த வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றக்கூட மறந்து நின்ற தில்லையம்பலத்தைக் குலசேகரம்தான் கைபிடித்து இருத்தினார். "குலம், எனக்கு இனி இவன் ஒருத்தன்தான்" என்று அவர் விக்கிய விக்கலை மறக்க முடியுமா?

"அங்கிள்! நீங்களோ கோச்?" கேதீஸ்வரனின் கண்கள் விரிந்தன. "அப்பா சொல்லவேயில்லை!"

"அப்பாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதை."

"நான் சொல்ல மாட்டன். நான் வந்ததையும் நீங்கள் சொல்லாதேங்கோ." அவன் சிரித்தான். அந்த வருடம்தான் அடிப்படை வகுப்பில் சேர்ந்திருந்தான். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள்.

விசில் ஊதியது. அவன் ஓடினான்.

ஓடினானா? காற்றில் ஒரு துணியைச் சுழற்றி வீசியது போல வந்தான். அந்த இரவல் சப்பாத்தில்! கோட்டைத் தாண்டிய கணத்தில் குலசேகரத்தின் பெருவிரல் அழுத்தியது. நான்கு புள்ளி எட்டு. அவருடைய குழுவில் அதற்கு முன் ஒருவனும் ஓடாத நேரம்.

போன பருவத்தில் ஒரு பையனின் தோள் எலும்பு முறிந்த சத்தம் அவர் காதில் கேட்டது. தில்லையம்பலத்தின் விக்கல் கேட்டது. இந்தப் பையனுக்கு ஒன்று நடந்தால் அந்த மனிதரின் முகத்தில் எப்படி முழிப்பது? அதோடு இன்னொன்றும் கேட்டது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். இந்தப் பையன் விழுந்தால் ஊர் முழுக்கத் தெரியும், கோயில் முழுக்கப் பேசும், இந்தத் திடலும் தொப்பியும் 'கோச்' என்ற சொல்லும் தன்னிடமிருந்து போய்விடும். இரண்டில் எந்தப் பயம் பெரியது என்று அவருக்கே தெரியாது. கடைசி வரைக்கும் தெரியவில்லை.

"எவ்வளவு அங்கிள்?" மூச்சு வாங்கக் கேட்டான்.

குலசேகரம் கடிகாரத்தைச் சுழியத்துக்கு அழுத்தினார். "அஞ்சு புள்ளி நாலு."

"அஞ்சு நாலோ?" அவன் முகம் வாடியது. "திரும்ப ஒருக்கா ஓடட்டோ?"

"எல்லாருக்கும் ஒருக்காத்தான். வேகம் காணாது தம்பி. போய்ப் படி."

அவன் வாதாடவில்லை. இரவல் சப்பாத்தைக் கழற்றி, உரியவனிடம் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு, வெறும் காலுறையோடு புல்லில் நடந்து போனான். குலசேகரத்தை அவன் நம்பினான். அதுதான் கொடுமை.

ஒரு வருடத்தில் அவன் பட்டப் படிப்புக்குக் கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரிக்கு மாறி, வால்தம்ஸ்டோவில் அறை எடுத்தான் என்று கோயிலில் கேள்விப்பட்டார். அப்பாடா என்று இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் பொலிடெக்னிக்குகள் எல்லாம் பல்கலைக்கழகம் ஆகப் போகிற பேச்சு. புதிதாக விளையாட்டுத் துறை வரும், அதில் முழுநேரக் கோச் ஒருவர் வேண்டும் என்றார்கள். குழு அந்த வருடம் எல்லோரையும் வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் குலசேகரத்தைக் கூப்பிட்டு, "கிண்ணத்தோடு வா. உன் பெயரை நானே எழுதி அனுப்புகிறேன். வெறுங்கையோடு வந்தால் ஆய்வுகூட உதவியாளரின் பெயரை அங்கே யாரும் வாசிக்க மாட்டார்கள்" என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அன்று முதல் சிவனேஸ்வரி சட்டைகளை இரண்டு முறை தோய்த்தாள். "வெண்டால் எங்கடை ஆக்களுக்கும் சொல்லுவம். இனி ஏன் ஒளிப்பான்?" என்றாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. மெல்லிய மழை. எதிரணி, கிழக்கு லண்டன் கல்லூரி ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டபோதுகூடக் குலசேகரத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தலைக்கவசம், முகம் தெரியாது.

"நல்லூர்!" என்று கத்தினார். எட்டு யார் முன்னேறினார்கள். "காங்கேசன்துறை!" டேரன் எறிந்த பந்து மழையைக் கிழித்துப் போய் விழுந்தது. அரை மணி நேரத்தில் பதினான்கு பூச்சியம். குலசேகரத்தின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்கடியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "பருத்தித்துறை!" என்று அவர் கத்திய கணத்தில், எதிரணியின் கடைசி வரிசையில் நின்ற மெலிந்த ஒருவன் வலப்பக்கம் ஓடத் தொடங்கினான். பந்து டேரனின் கையை விட்டுப் போகவே இல்லை, அவன் ஓடிவிட்டான்! காற்றில் எழும்பிப் பந்தைப் பிடுங்கி, எழுபது யார் ஓடி, கோட்டைத் தாண்டினான். கோட்டைத் தாண்டியதற்கு ஆறு, பிறகு உதைத்த பந்துக்கு ஒன்று. பதினான்கு ஏழு.

திரும்பி வரும்போது அவன் கரையோரமாக வந்தான். கம்பி முகமூடிக்குள்ளிருந்து சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் வந்தது.

"அங்கிள்! அடுத்த பருத்தித்துறை பஸ் எத்தினை மணிக்கு?"

 இந்த நாட்டுத் திடல்களில் தமிழ் தெரிந்தவன் எவன் இருக்கிறான் என்று நினைத்தாரே! தன் குழுவில் இருந்திருக்க வேண்டியவன் எதிரே நிற்கிறான். அங்கே அனுப்பியது யார்?

அதன் பின் கேதீஸ்வரன் எல்லா ஊருக்கும் முந்திப் போனான். மானிப்பாய் என்றால் அங்கே நின்றான். காரைநகர் என்றால் அங்கே நின்றான். இடைவேளையில் குலசேகரம் பையன்களைக் கூட்டி, "இனி வலம் என்றால் இடம், இடம் என்றால் வலம்" என்று மாற்றினார். தலையாட்டினார்கள். ஆனால் வருடக்கணக்கான பழக்கம் பத்து நிமிடத்தில் மாறுமா? ஒருவன் புதிய கணக்கில் ஓடினான், மற்றவன் பழைய கணக்கில் ஓடினான். எதிரணி சமப்படுத்தியது.

கடைசி இரண்டு நிமிடம். பதினான்குக்குப் பதினான்கு. பந்து குலசேகரத்தின் பையன்களிடம். "பருத்தித்துறை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மாற்றத்தை நினைவில் வைத்திருந்த டேரன் இடப்பக்கம் எறிந்தான். பிடிக்க வேண்டியவன் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் ஓடிவிட்டான். ஆளில்லாத புல்லில் இறங்கிய பந்துக்கு அடியில், மாற்றத்தையும் கண்டுபிடித்துவிட்ட ஒருவன் மட்டும் நின்றான். கேதீஸ்வரன். அதை எடுத்துக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தை ஒருவராலும் நெருங்க முடியவில்லை. இருபது பதினான்கு.

மழைக்குள் பையன்கள் அழுதார்கள். டேரன் மண்டியிட்டிருந்தான். அவனைத் தூக்கப் போன குலசேகரத்தின் தோளில் ஒரு கை விழுந்தது. தில்லையம்பலம்! தலையில் கம்பளித் தொப்பி, கையில் தேத்தண்ணிப் போத்தல்.

"குலம்! நீரோ இந்தப் பெடியளின்ரை மாஸ்டர்? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! ஆறு மாதமா நான் ஒவ்வொரு ஞாயிறும் வாறன், இவன்ரை விளையாட்டுப் பாக்க."

"அண்ணை... உங்களுக்குப் பயமில்லையோ? அடிபட்டால்?"

"பயமில்லாமல் இருக்குமோ?" தில்லையம்பலம் மகனைப் பார்த்தார். "மூத்தவனை வீட்டுக்கை வைச்சுத்தான் பறி குடுத்தனான். இவனாவது ஓடட்டும்."

குலசேகரம் டேரனைக் கைகொடுத்து எழுப்பிவிட்டார்.

"உம்மடை கொலிஜ்ஜிலைதான் முதல் கேட்டவனாம். வேகம் காணாது எண்டு ஆரோ சொல்லிப்போட்டினமாம். எந்த விசரன் குலம் அவனுக்கு நேரம் பிடிச்சவன்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. கேதீஸ்வரன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான். "சும்மா இருங்கோ அப்பா. அவை சொன்னது சரி. அப்ப நான் பிந்தித்தான் ஓடினனான்." பிறகு குலசேகரத்திடம், தகப்பனுக்குக் கேட்காமல், "அங்கிள், கோவமோ?" என்றான்.

"இல்லையடா. நல்லா விளையாடினாய்."

நேரம் பிடித்தவர் யார் என்று அவன் கடைசி வரைக்கும் தகப்பனிடம் காட்டிக்கொடுக்கவில்லை. குலசேகரம் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கிண்ணம் இல்லை. ஜூன் மாதம் புதிய துறைக்குப் பட்டம் பெற்ற ஒரு இளைஞனை எடுத்தார்கள். குலசேகரம் விரும்பினால் அவனுக்கு உதவியாகச் சட்டைகளையும் தலைக்கவசங்களையும் பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. அவர் விசிலை ஒரு உறையில் போட்டு அனுப்பிவிட்டார். நான்கு வருடம் ஒரு திடலிலும் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியையும் போடுவதில்லை. "போடுங்கோவன், நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்று சிவனேஸ்வரியே கெஞ்சியும் பார்த்தாள்.

தொண்ணூற்றாறு ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கேதீஸ்வரன் இறங்கினான். இப்போது பொறியியலாளன், கொஞ்சம் சதை வைத்திருந்தது. சிவனேஸ்வரி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"கோச்," என்றான். அந்தச் சொல்லைக் கேட்டு நான்கு வருடம்! "நான் இப்ப என்ரை பழைய கொலிஜ் டீமுக்குக் கோச். பந்தைத் தடுக்கிறதை நான் சொல்லிக்குடுப்பன். பந்தோடை முன்னேறுறதுக்கு ஆள் வேணும். உங்களைவிட ஆரும் இல்லை. சம்பளம் இல்லை, பெற்றோல் காசு மட்டும் தருவினம். வாறியளோ?"

குலசேகரம் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மழைக் கோட்டு மேலை பெட்டிக்கை இருக்கு. எடுத்துத் தாறன்" என்று அப்போதே எழும்பிவிட்டாள்.

"வாறன் தம்பி. கட்டாயம் வாறன்" என்றார் குலசேகரம். 

"எனக்குத் தெரியும் நீங்கள் வருவியள் எண்டு. என்ரை பெடியளுக்கு உங்களைப் பற்றி ஒவ்வொரு செப்டம்பரும் சொல்லுறனான். 'எனக்கு ஒருத்தர் ஒழுங்கா நேரம் பிடிச்சவர். அப்பாவின்ரை சிநேகிதன், முகத்துக்காகச் சேர்த்திருக்கலாம், சேர்க்கேல்லை. அஞ்சு நாலு எண்டு முகத்துக்கு நேரை சொன்னவர். அதாலைதான் ஒரு வருஷம் காலமை அஞ்சு மணிக்கு எழும்பி ஸ்ட்ரெதம் கொமனிலை ஓடினனான். அந்த அஞ்சு நாலுதான் என்னை ஆளாக்கினது' எண்டு." அவன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "புதுசா வந்தவைக்கு வாற ஞாயிறு நேரம் பிடிக்க வேணும். நீங்கள்தான் பிடிக்க வேணும். அவைக்கு நான் சொல்லிப்போட்டன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும், இழந்ததெல்லாம் திரும்பியிருக்கும். குலசேகரத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"அது அஞ்சு நாலு இல்லைத் தம்பி."

"என்ன?"

"நாலு எட்டு. நீ ஓடினது நாலு எட்டு. நான் பொய் சொன்னனான்."

கேதீஸ்வரன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது. மழைக் கோட்டோடு வந்த சிவனேஸ்வரி கதவடியில் அப்படியே நின்றாள்.

"அப்பா சொல்லச் சொன்னவரோ?"

"இல்லை. அண்ணைக்கு ஒண்டும் தெரியாது. நானாத்தான். உன்ரை அண்ணன் போன பிறகு... உனக்கும் ஒண்டு நடந்தால்... எனக்குப் பயம். என்ரை கோச் வேலை போயிடும் எண்டும் பயம்."

கேதீஸ்வரன் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தான்.

"அண்ணா செத்த பிறகு ஒருத்தரும் என்னை ஒண்டும் செய்ய விடேல்லை, அங்கிள்" என்றான் கேதீஸ்வரன். கோச் இல்லை, அங்கிள். "றோட்டைக் கடக்கக்கூட விடேல்லை. அப்ப ஒரே ஒரு இடத்துக்கு நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் வந்தனான். அது உங்கடை கிரவுண்ட். 'எனக்குப் பயமாயிருக்கு, வேண்டாம்' எண்டு சொல்லியிருக்கலாம். நான் போயிருப்பன். நீங்கள் என்னை ஏலாதவன் எண்டு சொன்னனீங்கள். நான் அதை நம்பினனான்."

"ஓம்."

"ஒவ்வொரு செப்டம்பரும் பெடியளுக்குச் சொன்னனான்."

"ஓம் தம்பி."

அவன் எழுந்தான். "யோசிச்சுப்போட்டுச் சொல்லுறன்." சிவனேஸ்வரியிடம், "போட்டு வாறன் அன்ரி" என்றான். கார் புறப்பட்டுப் போய்ப் பல நிமிடம் வரை அவள் அந்தக் கோட்டைக் கீழே வைக்கவில்லை.

"ஏன் சொன்னனீங்கள்? ஆர் கேட்டது?" என்று வெடித்து அழுதாள்.

"சொல்லாமல் என்னெண்டு அவன்ரை பெடியளுக்கு நேரம் பிடிக்கிறது?"

மூன்று வாரம் தொலைபேசி அடிக்கும் போதெல்லாம் குலசேகரம் ஓடினார். நான்காவது வாரம் கேதீஸ்வரன்தான் பேசினான். குரலில் கோபம் இல்லை, அதுவே வலித்தது. வேறு ஒருவரை எடுத்துவிட்டானாம். "நீங்கள் விளையாட்டுப் பாக்க வாங்கோ. அப்பாவும் வாறவர். அவருக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

போகாமல் இருக்கத்தான் நினைத்தார். இரண்டாவது ஞாயிறு கால்கள் தாமாகப் போய்விட்டன. திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே கோச்மார், வெளியே பார்க்க வந்தவர்கள். கேதீஸ்வரன் அவரைக் கண்டான். தலையை ஒருமுறை அசைத்தான். அவ்வளவுதான், உள்ளே கூப்பிடவில்லை.

தில்லையம்பலம் கயிற்றோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நரைத்துப் போயிருந்தார். இத்தனை வருடம் பார்த்தும் ஆட்டம் அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏன் குலம் இப்ப விசில் ஊதினவன்?"

"பத்து யார் முன்னுக்குப் போக நாலு தரம் விடுவினம் அண்ணை. மூண்டு தரமும் பிழைச்சுப் போச்சு."

"நாலாவதும் பிழைச்சால்?"

"பந்து மற்றவைக்குப் போயிடும்."

"இவை கேட்டால் திருப்பிக் குடுக்க மாட்டினமோ?"

"இல்லை அண்ணை."

தில்லையம்பலம் யோசித்துக்கொண்டு தேத்தண்ணியை மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டினார். "உமக்கு உதெல்லாம் இவ்வளவு வடிவாத் தெரியுது. கயித்துக்கு வெளியிலை நிண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறீர். ஏன் குலம் விட்டனீர்?"

குலசேகரம் மூடியை இரண்டு கையாலும் வாங்கினார். ஆவி முகத்தில் அடித்தது. அவர் சொல்ல வாயெடுத்தார். உள்ளே பதினொரு பேரும் குனிந்தார்கள். கரையில் கேதீஸ்வரன் எதையோ கத்தினான்.

"பாருங்கோ அண்ணை," என்றார் குலசேகரம், "இப்ப எறியப் போறான்."